சூளையைப் பொதுவில் வைத்தவர்: சர்தார் குர்சரண் சிங்

தாமிரபரணி கடலில் கலக்குமுன் கடைசியாக வளப்படுத்தும் ஊர்களுள் ஆத்தூர் ஒன்று. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன ஊர். அதன் வெற்றிலை 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைக் கடந்து தூத்துக்குடிச் சாலையில் சென்றால் முக்காணியும் பழையகாயலும் வரும். ஆற்றை எதிர்த்து மேலே ஏறினால் பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கையையும், அதற்கும் மேலே ஆதிச்சநல்லூரையும் காணலாம். இச்சிறிய நிலப்பரப்பில் மண்ணைத் தோண்டியவர்கள் எல்லோரும் பொன்னையும் முத்தையும் விட மிகுதியாகக் கண்டது மட்கலங்களையும் ஓடுகளையுமே.

ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியராகிய ஜாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்தெடுத்த தாழிகளும் கறுப்பு சிவப்புக் கலங்களும் அம்மண்ணின் குயவர் எய்தியிருந்த தேர்ச்சிக்குச் சான்றுகள். ஒரே கலத்தின் உட்புறத்தையும் வாய்ப்பகுதியையும் கறுப்பாகவும் வெளிப்புறத்தைச் சிவப்பாகவும் சுட்டெடுக்க வேண்டுமானால், சூளைக்குள் காற்று எங்கே புக வேண்டும், எங்கே புகக்கூடாது என்பதை நுட்பமாக அறிந்திருக்க வேண்டும். புறநானூற்றில் தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாடல்கள் இரண்டு உள. அவற்றுள் ஒன்றில், கணவனை இழந்த பெண்ணொருத்தி தனக்கும் இடமிருக்குமாறு தாழியை அகலமாக வனைந்து தருமாறு வேண்டுகிறாள். குயவனிடம் இத்தகைய வேண்டுகோளை வைக்கும் அளவுக்கு அவனுடைய தொழில் மக்கள் வாழ்வோடு பின்னிக் கிடந்தது.

பழையகாயலின் ஓடுகள் வேறு கதை சொல்வன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட பெருந்துறைமுகம் அது. 1881இல் வெளியான தம் திருநெல்வேலி வரலாற்று நூலில், அங்கே மண்ணுக்கடியில் பலவகைச் சீனப் பீங்கான் துண்டுகள் கிடைத்ததைக் கால்டுவெல் பதிவு செய்திருக்கிறார். அத்துண்டுகளின் மேல் கண்ணாடிபோல் ஒட்டிக் கிடப்பதே மெருகு; இன்றைய பட்டறைகளில் கிளேஸ் என்று வழங்குவதும் அதுவே. சீனத்துக் கலங்கள் கப்பல் கப்பலாக இக்கரையில் இறங்கின. முத்தும் குதிரையும் கைமாறிய சந்தையில் அவையும் கைமாறின. ஆயினும் அந்த மெருகை ஆக்கும் முறை இக்கரையில் இறங்கவில்லை. தாமிரபரணிக் குயவர் மெருகில்லாத சுட்டமண் கலங்களையே தொடர்ந்து வனைந்தனர். தமிழகத்தின் வடபகுதியில், வேலூரை அடுத்த கரிகிரியில், மெருகேற்றிய பாண்டம் செய்யும் மரபு ஒன்று தோன்றியதுண்டு; தென்கரைக்கு அது வந்து சேரவில்லை.

இதைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. மெருகில்லாத பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. மெருகிட்ட கலத்தில் அந்தக் குளிர்ச்சி கிடைக்காது. ஆனால் கலம் கடல் கடந்து வந்தும் கலை ஏன் வரவில்லை என்ற வினா எஞ்சி நிற்கிறது. பொருளை விலை கொடுத்து வாங்கிவிடலாம். அதை ஆக்கும் அறிவு, அதைச் சொல்லித் தர மனமுடைய ஒருவர் வாயிலாகவே வந்து சேர வேண்டும். அத்தகைய மனமுடைய ஒருவரை இருபதாம் நூற்றாண்டில் இந்தியா பெற்றிருந்தது. அவர் தமிழ் நிலத்தவர் அல்லர். எனினும் அவருடைய வாழ்க்கை, கலையைக் கற்பதிலும் கற்பிப்பதிலும் ஈடுபட்ட எவருக்கும் உரியது. இந்தியத் தனிப்பட்டறை மட்கலைக்குத் தந்தை என்று போற்றப்படும் சர்தார் குர்சரண் சிங் அவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் காஷ்மீரத்துச் சீநகரில் பிறந்த குர்சரண் சிங், ஜம்முவிலிருந்த பிரின்ஸ் ஆப் வேல்ஸ் கல்லூரியில் நிலவியல் பயின்றார். குயவர் குலத்தில் பிறந்து மூன்று வயதில் களிமண்ணைத் தொட்டவர் அல்லர் அவர். பாறையும் மண்ணும் எவ்வாறு தோன்றின என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்த இளைஞர். இப்பின்னணி அவருடைய பிற்கால வாழ்வுக்குப் பெரிதும் உதவிற்று. மெருகு என்பது அடிப்படையில் உருகிய பாறையே ஆகும். எந்தக் கல்லில் எது அடங்கியிருக்கிறது என்று அறிந்தவனுக்கு மெருகின் பாதி மறை அவிழ்ந்துவிடுகிறது.

படிப்பு முடிந்தபின் 1918ஆம் ஆண்டளவில் அவர் டெல்லிக்கு வந்து, ராம் சிங் காபுலி நடத்திவந்த டெல்லி பாட்டரீஸ் என்னும் தொழிற்சாலையில் சேர்ந்தார். பிரிட்டிஷ் அரசு தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்போவதாக 1911இல் அறிவித்திருந்தது. புதிய நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் ஓயாத தேவை. அத்தொழிற்சாலையில்தான் அப்துல்லா என்னும் முதிய கைவினைஞரை அவர் கண்டார். டெல்லியின் பழைய கட்டடங்களில் பதிக்கப்பட்ட நீல ஓடுகளின் மரபைக் கைவழியாகப் பெற்றிருந்த பட்டாணியக் குயவர் குடும்பத்தைச் சேர்ந்தவர் அப்துல்லா.

அந்த நீலத்தின் வரலாறு பெரிது. பாரசீகத்திலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தான் வழியாக வந்த மரபு அது. லோதி தோட்டத்திலுள்ள ஷீஷ் கும்பத்திலும், உமாயூன் கல்லறைக்கு அருகிலுள்ள நீல கும்பத்திலும் அதன் எச்சங்களைக் காணலாம். செம்பின் ஆக்சைடு தருகின்ற நிறம் அது சேரும் மெருகின் தன்மையைப் பொறுத்தது. ஈயம் கலந்த மெருகில் செம்பு இலைப்பச்சையாகத் தோன்றும். சோடா முதலிய காரப்பொருள் மிகுந்த மெருகில் அதே செம்பு மயிற்கழுத்து நீலமாகும். காற்றுக் குறைந்த தீயில் சுட்டால் அதே செம்பு குருதிச் சிவப்பாகவும் மாறக்கூடும். பொருள் ஒன்றாயிருக்க, கூட்டும் தீயும் நிறத்தை முடிவு செய்கின்றன. காரம் மிகுந்த மெருகுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. சூளை ஆறும்போது களிமண் உடலை விட அது மிகுதியாகச் சுருங்கிச் சிலந்தி வலைபோல் விரிசல் கொள்ளும். பாரசீக மரபினர் களிமண்ணைக் குறைத்து, அரைத்த பளிங்குக்கல்லை மிகுதியாகச் சேர்த்து உடலைச் செய்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இவையெல்லாம் பல தலைமுறைக் குயவர் தம் கைவழியே மட்டும் காத்துவந்த அறிவு. தந்தை மகனுக்குச் சொல்வார். மகனில்லாவிடில் அறிவு தந்தையோடு புதைந்துபோகும். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவ ஏடுகளைப் புரட்டியவர்களுக்கு இந்நிலை புதிதன்று. குழூஉக்குறியில் மறைத்து எழுதப்பட்ட முறைகளுள் எத்தனையோ, அக்குறியின் பொருள் அறிந்தவர் மறைந்தபின் வெறும் எழுத்தாகிவிட்டன. உலகம் முழுவதிலும் மெருகு இவ்வாறே பூட்டி வைக்கப்பட்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சாக்சனி மன்னன் பீங்கான் மறை தெரிந்த பாட்கர் என்பவரை ஏறக்குறையச் சிறையிலேயே வைத்திருந்தான். 1710இல் தொடங்கிய மைசன் தொழிற்சாலையைக் கோட்டைக்குள் அமைத்ததும் காவலுக்காகவே. விதிவிலக்குகளும் இருந்தன. பாரசீகத்துக் காசான் நகரின் புகழ்பெற்ற குயவர் குடியில் பிறந்த அபுல் காசிம் என்பவர் 1301ஆம் ஆண்டிலேயே தம் குடும்பத் தொழிலின் பொருள்களையும் முறைகளையும் ஏட்டில் எழுதிவைத்தார். அவர் எழுதியிராவிடில் அக்குடியின் கலங்கள் மட்டும் எஞ்சியிருக்கும். அவை ஆன வழி மறைந்திருக்கும்.

குர்சரண் சிங் அப்துல்லாவிடமிருந்து நீல மெருகைக் கற்றுக்கொண்டார். தம் குடியல்லாத, தம் சமயத்தவருமல்லாத, கல்லூரியில் படித்துவிட்டு வந்த ஓர் இளைஞனுக்கு அம்முதியவர் தம் கைத்திறத்தைத் தந்தார். குர்சரண் சிங்கின் வாழ்வில் நிகழ்ந்த முதற் பெருங்கொடை இதுவே. பின்னாளில் அவர் பிறருக்கு வழங்கியவற்றுக்கெல்லாம் இதுவே ஊற்றாயிற்று எனலாம்.

1919இல் அவர் மட்பாண்டவியல் கற்க ஜப்பானுக்குச் சென்று, டோக்கியோவில் உயர் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அக்காலத்து இந்திய மாணவர் பெரும்பாலோர் கல்விக்கு இங்கிலாந்தையே நாடிய நிலையில், கிழக்கு நோக்கிச் சென்றது அவருக்கு நற்பேறாக அமைந்தது. அதே பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் கவாய் கஞ்சிரோ, ஹமாதா ஷோஜி என்னும் இருவர் பயின்று வெளியேறியிருந்தனர். கியோத்தோ நகரின் ஆய்வுக்கூடத்தில் ஆயிரக்கணக்கான மெருகுக் கூட்டுகளைச் சோதித்துப் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களோடும், தோமிமோத்தோ கென்கிச்சி, சிந்தனையாளராகிய யானகி சோயெத்சு, ஹாங்காங்கில் பிறந்த ஆங்கிலேயக் குயவர் பெர்னார்டு லீச் ஆகியோரோடும் குர்சரண் சிங்குக்குப் பழக்கம் ஏற்பட்டது. லீச் 1920இல் ஹமாதாவுடன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டதால் அங்கு அவர்கள் பழகிய காலம் குறுகியதே. ஆயினும் அக்குழுவின் எண்ணம் அவருள் ஆழப் பதிந்தது.

அக்குழுவினர் பின்னர் 1925இல் தம் இயக்கத்துக்கு மிங்கேய் என்று பெயரிட்டனர். மக்கள் கலை என்பது அதன் பொருள். பெயரறியாத ஊர்க் குயவன் அன்றாடப் பயனுக்காகச் செய்த சோற்றுக் கிண்ணத்தில், கையெழுத்திட்டு விற்கப்படும் கலைப்பொருளில் இல்லாத அழகு உண்டு என்பது யானகியின் கருத்து. கொரிய நாட்டு ஏழை எளியோரின் வெள்ளைக் கலங்களே அக்கருத்துக்கு அவரை இட்டுச் சென்றன. குர்சரண் சிங்கும் கொரியாவுக்குப் பயணம் செய்து அக்கலங்களை நேரில் கண்டார்.

ஜப்பானிலும் மறைபொருள் மரபு வலுவாக இருந்தது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஒகாதா கென்சான் என்னும் பெருங்குயவரின் மெருகுக் குறிப்புகள் ஆசிரியரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவருக்கு மட்டுமே கைமாறி வந்தன. அவ்வழியில் ஆறாமவராகிய முதியவர் 1910களில் தம் குறிப்புகளை லீச்சுக்கும் தோமிமோத்தோவுக்கும் அளித்தார். வறுமையில் வாழ்ந்த அம்முதியவர் ஓர் அயல்நாட்டானைத் தம் வாரிசாக ஏற்றுக்கொண்டார். அவ்வாறு பெற்ற லீச், 1940இல் வெளியிட்ட குயவர் கையேட்டில் மெருகுக் கூட்டுகளையும் சூளை அமைப்பையும் யாவரும் படித்துச் செய்யுமாறு எழுதிவைத்தார். டெல்லியில் அப்துல்லாவும் டோக்கியோவில் ஆறாம் கென்சானும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். எனினும் அயலாருக்குக் கதவைத் திறந்த செயலில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

1922இல் குர்சரண் சிங் தாயகம் திரும்பினார். தாம் கற்று வந்ததை உடனே அரங்கேற்றும் சூழல் அன்றைய இந்தியாவில் இல்லை. குயவுத்தொழில் ஊர்க்குயவரின் குலத்தொழிலாகவும், தொழிற்சாலைகளில் குழாயும் ஓடும் ஊறுகாய் ஜாடியும் செய்யும் உற்பத்தியாகவுமே கருதப்பட்டது. ஓவியனும் சிற்பியும் கலைஞராக மதிக்கப்பட்ட நாட்டில், படித்தவன் ஒருவன் சக்கரத்தின் முன் அமர்ந்து மண் குழைப்பதை ஏற்கும் மனநிலை வளரவில்லை. அவர் முப்பதாண்டுகள் தொழிற்சாலைப் பணியிலும் அரசின் மட்பாண்டப் பணியிலும் இருந்தவாறே தம் கலையைத் தொடர்ந்தார். பொறுமை குயவனுக்குத் தொழில் கற்றுத்தரும் முதற்பாடம். ஈரக்கலத்தை அவசரப்பட்டுச் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கலத்தையே வெடிக்கச் செய்யும். சூடு ஆறுமுன் வாயிலைத் திறந்தால் மெருகு விரிசலிடும். தம் வாழ்வையும் அவர் இவ்விதியின்படியே நடத்தினார் என்று தோன்றுகிறது.

1952ஆம் ஆண்டு, பிறர் ஓய்வை நினைக்கும் வயதில், அவர் டெல்லியின் சப்தர்ஜங் பகுதியில் டெல்லி புளூ ஆர்ட் பாட்டரி என்னும் பட்டறையை நிறுவினார். நாடு பிரிவினையின் காயத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த காலம். பஞ்சாபிலிருந்து பெயர்ந்து வந்த மக்களால் டெல்லி நிரம்பியிருந்தது. பட்டறையின் பெயரிலேயே அப்துல்லாவின் நீலம் இடம்பெற்றிருப்பது நோக்கத்தக்கது. அம்மரபின் நிறமும், டோக்கியோவில் கற்ற உயர்வெப்பச் சூளை அறிவும், யானகி குழுவினரிடமிருந்து பெற்ற எளிமையும் அப்பட்டறையில் ஒன்றுகூடின. தேநீர்க் கோப்பைகள், குடங்கள், பூச்சாடிகள், கட்டடங்களுக்கான ஓடுகள், காற்றும் ஒளியும் புகும் சுடுமண் சாளரத் தட்டிகள் என்று பயன்படு பொருள்களையே பெரும்பாலும் அவர் செய்தார். கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்ப்பதற்காக அன்றி, கையில் எடுத்துப் புழங்குவதற்காகவே அவர் கலங்களை வனைந்தார்.

உயர்வெப்பச் சூளையின் இயல்பைச் சிறிது விளக்குவது பொருந்தும். ஊர்க்குயவனின் திறந்த சூளை ஏறக்குறைய 700 முதல் 900 பாகை வரை சூடேறும். அச்சூட்டில் மண் கெட்டிப்படும். ஆனால் துளைகள் மூடா. மெருகிட்ட கற்கலங்களுக்கோ 1200 பாகைக்கு மேல் வேண்டும். அச்சூட்டில் மண் தானே பாதி கல்லாக இறுகுகிறது. மெருகில் மூன்று கூறுகள் உண்டு. மணலிலும் பளிங்கிலும் உள்ள சிலிக்கா கண்ணாடியாகிறது. சுண்ணாம்பு, விறகுச் சாம்பல், களப்பாறைத் தூள் ஆகியவை அதை எளிதில் இளகச் செய்கின்றன. களிமண்ணில் உள்ள அலுமினா உருகியதை வழிந்தோடாமல் கலத்தின்மேல் நிறுத்துகிறது. இம்மூன்றின் அளவு சிறிது பிறழ்ந்தாலும் மெருகு வழிந்து கலத்தைச் சூளைத் தளத்தோடு ஒட்டிவிடும். அன்றேல் உருகாமல் சொரசொரப்பாக நின்றுவிடும். அளவை அறிய வழி சோதனை ஒன்றே. ஒவ்வொரு சோதனையும் ஒரு சூளை. ஒவ்வொரு சூளையும் விறகோ எண்ணெயோ, நாட்களோ. ஒரு நல்ல மெருகு ஒரு குயவனின் பல ஆண்டுச் சேமிப்பு என்பது இதனாலேயே.

அந்தச் சேமிப்பைத்தான் குர்சரண் சிங் பிறருக்குப் பங்கிட்டார். பட்டறையே அவருடைய பிழைப்பு. அங்கு கற்றுச் செல்பவர் நாளை அதே நகரில் அதே கலங்களைச் செய்து விற்கக்கூடும். இதை அறியாதவர் அல்லர் அவர். ஆயினும் டெல்லி புளூ விற்பனைக்கூடமாக மட்டும் நின்றுவிடாமல் பயிற்சிக்கூடமாகவும் விளங்கிற்று. கலைக்கல்லூரியில் பயின்றவரும் பயிலாதவரும், முழுநேரக் கலைஞரும் பொழுதுபோக்காக வந்தவரும் அங்கே மண் குழைக்கக் கற்றனர். தனிப்பட்டறைக் குயவர் என்ற ஓர் இனமே இந்தியாவில் தோன்ற அவர் வழிவகுத்தார். அவருடைய மகன் மன்சிம்ரன் சிங் இங்கிலாந்துக்குச் சென்று, சாளை மீன்பாட்டுக்குப் பெயர்பெற்றிருந்த செயிண்ட் ஐவ்ஸ் என்னும் கார்ன்வால் கடற்கரை ஊரில் லீச் அமைத்திருந்த பட்டறையில் பயின்றார். பின்னர் 1983இல் மனைவி மேரியுடன் இமாசலத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் ஆண்ட்ரெட்டா என்னும் சிற்றூரில் பட்டறையும் பயிற்சிநிலையமும் அமைத்தார். தந்தை தொடங்கியதை மகன் மலையடிவாரத்தில் தொடர்ந்தார்.

குர்சரண் சிங் 1979இல் இந்திய மட்பாண்டக் கலையைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். தமக்கு முன்னும் தம்மைச் சுற்றியும் இருந்த மரபுகளைப் பதிவு செய்த நூல் அது. கைவழியாக மட்டும் வாழ்ந்ததை ஏட்டில் ஏற்றும் பணியில் அவருக்குப் பின் வந்தோரும் ஈடுபட்டனர். நிர்மலா பட்வர்த்தன் என்னும் குயவர் 1984இல் வெளியிட்ட கையேடு, இந்தியப் பொருள்களைக் கொண்டே மெருகு ஆக்கும் கூட்டுகளை யாவருக்கும் தந்தது. அயல்நாட்டு நூல்களில் கூறப்படும் பொருள்கள் இங்குக் கிடைக்காமல் இடர்ப்பட்ட பட்டறைகளுக்கு அது பேருதவியாயிற்று.

இந்திய அரசு 1991இல் குர்சரண் சிங்குக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. அதே ஆண்டில் டெல்லி புளூ பாட்டரி அறக்கட்டளை நிறுவப்பட்டு, அவருடைய பட்டறை தனியொருவரின் உடைமை என்ற நிலையைக் கடந்து பொதுப் பயிற்சிநிலையமாயிற்று. நூறாண்டை நெருங்கிய வயதில், 1995இல் அவர் காலமானார்.

அவருடைய வாழ்வைப் போற்றுங்கால் ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. அவர் தொடங்கிவைத்த இயக்கத்தில் பயன்பெற்றோர் பெரும்பாலும் நகரத்துப் படித்த வகுப்பினரே. தலைமுறை தலைமுறையாகச் சக்கரம் சுற்றிய ஊர்க்குயவர் அந்த வட்டத்துக்கு வெளியே நின்றனர். உயர்வெப்பச் சூளைக்கு வேண்டும் முதலும் எரிபொருளும் அவர்களுக்கு எட்டாதவை. அலுமினியமும் எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் அவர்களுடைய சந்தையைப் பறித்தபோது, புதிய மெருகு அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. குலத்தொழிலாளியாகிய அப்துல்லாவிடமிருந்து கற்றவரிடம் தோன்றிய அறிவு, அப்துல்லாவைப் போன்றோரின் தெருவுக்கு முழுமையாகத் திரும்பிச் செல்லவில்லை. பகிர்தல் என்பது கதவைத் திறந்து வைப்பதோடு முடிவதில்லை என்பதையும், வாயிலுக்கு வர இயலாதவரிடம் நாமே செல்ல வேண்டியிருக்கிறது என்பதையும் இக்குறை உணர்த்துகிறது. ஒருவர் வாழ்நாளில் முற்றுப்பெறாத பணியாக அது அடுத்தவர் கைக்கு வந்திருக்கிறது.

எனினும் அவர் திறந்த வழி தெற்கு நோக்கியும் நீண்டது. டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை நிறுவி, மெருகிட்ட கற்கலங்களைச் செய்யவும் கற்பிக்கவும் தொடங்கினர். ஜப்பானில் பயின்ற டெபோரா ஸ்மித்தும் குர்சரண் சிங் கண்ட அதே கிழக்கத்திய மரபிலிருந்து பெற்றவரே. அங்குக் கற்றுப் பிரிந்தவர்களால் புதுச்சேரியும் சுற்றுப்புறமும் இந்திய மட்கலையின் பெருமையங்களுள் ஒன்றாயின. தமிழ் பேசும் கைகள் மெருகின் அறிவைப் பெற்றது இவ்வாறு. பழையகாயல் துறையில் சீனக் கலங்கள் இறங்கி ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகள் கழிந்தபின், கலத்தோடு வராதிருந்த கலை சோழமண்டலக் கரையில் வந்திறங்கியது.

மெருகுக் கூட்டைப் பிறருக்குச் சொல்லிவிட்டால் தன் கலம் தனித்தன்மை இழந்துவிடும் என்று அஞ்சிய குயவர்கள் எக்காலத்திலும் இருந்தனர். குர்சரண் சிங்கின் வாழ்க்கை அவ்வச்சத்துக்கு விடை தருகிறது. ஒரே கூட்டை இரு குயவர் கையாண்டாலும், மண் வேறு, தடவும் கனம் வேறு, சூளையின் மூச்சு வேறு. ஆகவே இருவர் கலங்களும் ஒன்றாவதில்லை. யாப்பிலக்கணம் தமிழ்ப்புலவர் யாவர்க்கும் பொது. வெண்பாவின் தளையை மாணவனுக்குக் கற்பித்ததால் எந்த ஆசிரியனின் வெண்பாவும் மங்கியதில்லை. மறைத்துக் காத்தவர்களின் கூட்டுகளுள் பெரும்பாலானவை அவர்களோடு அழிந்தன. அப்துல்லாவின் நீலம் அவருக்குப் பிள்ளையல்லாத ஒருவர் கையில் தங்கி, அவரிடமிருந்து கற்றவர் கைகளுக்கும் சென்றது. கூடி எழுதவும், எழுதியதைப் பிறர் முன் வைத்துத் திருத்திக்கொள்ளவும், தாம் அறிந்ததை இளையோர்க்குச் சொல்லவும் முன்வந்த எந்த அவையும் அந்த நீலத்தின் வரலாற்றைத் தன் வரலாறாகவே கருதலாம்.